லைன் டோக்கன்

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் ஃபீபி தைக்கும் லைனில், பாத்ரூம் போக அத்தனை பெண்களுக்கும் ஒரே டோக்கன்தான். அது ஆணியில் தொங்கினால்தான் எழுந்து போகலாம்.

பக்கத்து மெஷின் மோகனா ஒருநாள் கெஞ்சியும் சூப்பர்வைசர் டைட்டஸ், "டார்கெட் முடிச்சிட்டு போ" என்றார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துபோனாள். ஆர்டர் குறைந்ததும் முதலில் கணக்கு முடித்து அனுப்பியது அவளைத்தான்.

அவள் போன மறுநாளிலிருந்து மத்தியானமானால் டோக்கன் ஆணியில் இருப்பதில்லை. எல்லாரும் அவரவர் மெஷினில்தான் இருப்பார்கள்; மோகனாவின் மெஷின் மட்டும் காலி. கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்து தொங்கும், யாரோ கை கழுவிவிட்டுத் தொட்ட ஈரத்தோடு.

இன்று ஃபீபிக்கு அடிவயிறு முட்டியது. ஆணி காலியாக இருந்தது.

"டோக்கன் இல்லாட்டி இன்னாம்மா, போய்ட்டு வா" என்றார் டைட்டஸ், குரல் இறங்கி.

ஃபீபி தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் சார். மோகனா நிதானமா வரட்டும்."