நாளைய சாப்பாடு

அன்று மோர்க்குழம்பா புளிக்குழம்பா என்பது சரியாக நினைவில்லை. கம்பெனியின் எல்லாப் பிரிவுகளும் ஒரே மென்பொருளில் இணைந்தபின், வேலையிலிருந்து நீக்கப்படுபவரின் பெயர் கேன்டீனின் மறுநாள் சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து உடனே போய்விடும். அவருக்குக் கடிதம் அடுத்த நாள்தான் வரும். கேன்டீனில் பரிமாறும் பிலோமினா பட்டியல் இருந்த திரையைப் பார்த்தாள். கணக்குப் பிரிவுத் தணிகைவேலின் பெயர் இல்லை. அவரோ தட்டோடு எதிரே நின்றார்.

"சாயங்காலம் இப்ப இருக்கிறதவிடப் பெரிய வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்க்கா."

பக்கத்து மேசையில் மேலாளர் ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நாள் சரியில்ல தம்பி. நாளைக்குக் குடுங்க" என்றாள் பிலோமினா.

"சர்ச்சுக்குப் போற நீங்களுமா நாள் பாக்குறீங்க?" என்று தணிகைவேல் சிரித்தார்.

அவள் அவர் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

மறுநாள் தணிகைவேல் இல்லாத கணக்குக்கே சமைத்திருந்ததால் ஒரு தட்டுச் சோறுகூட மிஞ்சவில்லை. தணிகைவேல் எந்த வீட்டில் இருக்கிறாரோ, தெரியாது. பிலோமினா இப்போது எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகே திரையைத் திறக்கிறாள்.