நான்காவது மாதிரி

குழந்தைராஜ் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் உழைத்து, குடவாசலுக்குப் பக்கத்தில் பன்றிப் பண்ணை போட்டவர். அங்கே காய்ச்சல் கண்டதும் கால்நடை மருத்துவர் விண்ணரசி பதினான்கு பன்றிகளுக்கும் ரத்தம் எடுத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்த வாரமே பதினான்கும் செத்துப்போயின. சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள்.

இரண்டு மாதம் நச்சரித்த பிறகுதான் முடிவு வந்தது. பன்றிக் காய்ச்சல்தான். ஆனால் நான்கு தடவை மாதிரி வந்ததாக எழுதியிருந்தார்கள். விண்ணரசி எரிச்சலோடு போன் போட்டார்.

"நான் ஒரு தடவைதான் சார் அனுப்புனேன். வேற பண்ணையோடத சேத்துட்டீங்க."

"இல்லீங்க மேடம். ஜீன் பாத்தாச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அதே பதினாலு பன்னிங்க ரத்தம். வைரஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கு. உசுரோட இருக்கற உடம்புலதான் அது அப்படி மாறும்."

இதற்கு மேல் யாரிடம் சண்டை போடுவது? வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

குழந்தைராஜ் கேட்டைத் திறக்காமலே சலித்துக்கொண்டார். "நேத்துதான வந்து குத்திட்டுப் போனீங்க? இன்னைக்குமா? மிரளுதுங்க, டாக்டரம்மா."

அவருக்குப் பின்னால் கொட்டகை காலியாகக் கிடந்தது. தவிட்டுத் தொட்டி மட்டும் அப்போதுதான் நக்கித் துடைத்ததுபோல் ஈரமாக இருந்தது.