அடுத்த மேனேஜர்

மாண்ட்ரியல் பேஸ்பால் டீம் அந்த வருடம் கடைசி இடத்தில் வந்து நின்றது. அடுத்த மேனேஜர் யார் என்று ஊரே அடித்துக்கொண்டது.

அதே ஊரின் அஹுன்ட்சிக் பகுதியில் பேராசிரியர் மணிவாசகத்தின் வீட்டு ஹாலிலும் அதே பேச்சுதான். எதிரே இன்ஜினியர் ஸ்ரீகுமார் டை கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மணிவாசகத்துக்கு அவனிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று. வாய் வரவில்லை. பேஸ்பால் வசதியாக இருந்தது.

"நல்ல அனுபவசாலியாக் கொண்டுவரணும்," என்றார்.

"நான் சொல்ற ஆளுக்கு அனுபவம் இருக்கு, சார்."

"என்ன அனுபவம்? பழைய டீம் ஒரே வருஷத்துல அவரை அனுப்பிடுச்சே!"

ஸ்ரீகுமார் கொஞ்சம் தயங்கினான். "ஒரு தடவை தோத்தவர் அடுத்த தடவை ஜாக்கிரதையா இருப்பார், சார்."

"தப்பெல்லாம் டீம் மேலதான்னு சொல்லியிருப்பாரே?"

"இல்லை சார். பாதித் தப்பு தன்னோடதுன்னு பேட்டியில சொன்னார். அந்த டீமைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை."

மணிவாசகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப அவரையே போடலாம்," என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி வசந்தகுமாரி கூப்பிட்டாள். போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தாள்.

"ஒரு மணி நேரமா பேஸ்பால்! நம்ம சரளாவைப் பெண் கேட்டு வந்திருக்கான். அவனோட முதல் கல்யாணம் ஏன் விவாகரத்துல முடிஞ்சதுன்னு எப்பதான் கேக்கப் போறீங்க?"

"கேட்டாச்சு," என்றார் மணிவாசகம். "எனக்குச் சம்மதம். இனி சரளா சொல்லட்டும்."