வேகம் பூஜ்யம்

அந்த வீடியோ விளையாட்டில் முட்டையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு மிருகக் குட்டிக்கும் பலம், வேகம் என்று ஆறு எண்கள். ஐந்து தாய் தகப்பனிடமிருந்து வரும், ஒன்று தற்செயல். இருபத்தேழாவது குட்டிக்கு வேகம் பூஜ்யம். "அனுப்பிட்டு அடுத்ததைப் பாரும்மா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தணிகைவேல். முந்தைய இருபத்தாறையும் அப்படித்தான் காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நந்திதா அனுப்பவில்லை. தகப்பன் மிருகத்தின் பக்கத்தைத் திறந்தாள். அதற்கும் வேகம் பூஜ்யம். "இதை ஏம்ப்பா ஜோடி சேர்த்தீங்க?" "பலம் முழுசா இருக்குல்ல." "வேகம் இல்லைன்னு தெரியுமா?" "தெரியும். பாதிக்குப் பாதி வராமலும் போகும்மா." சொல்லிவிட்டு அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். சோபாவின் ஓரத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்ந்திருந்தன. பழையது அவருடையது. புதியதில் விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை. அவருடைய கால்களைத் தளர்த்திய நோய் நந்திதாவுக்கும் இருப்பது போன மாதம்தான் உறுதியானது. "டாக்டரும் இதையேதான் சொன்னார், பாதிக்குப் பாதின்னு," என்றாள். குட்டியைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். பிறகு தகப்பனைத் தேர்ந்தெடுத்தாள். காட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று திரை கேட்டது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவள் அப்பாவைப் பார்த்தாள்.