முந்தி வந்த விடை

திருவிடந்தை தாண்டிக் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பொறியியல் கல்லூரி 2008-ல் ஆன்லைனுக்கு மாறியது. விரிவுரையாளர் ஹெலன் அசைன்மென்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், மாணவர்கள் அதிலேயே விடை அனுப்ப வேண்டும். சில வாரங்களாக, அவள் கேள்வியை வெளியிடும் முன்பே பிரவின்குமாரின் விடை வந்து உட்கார்ந்திருந்தது. படித்தால் கைதட்டத் தோன்றும், அப்படியொரு விடை.

"உங்க பாஸ்வேர்டைத் திருடிட்டான் மேடம். இன்னிக்கே டி.சி. கொடுத்து அனுப்பிடுவோம்," என்றார் துறைத்தலைவர் ராகவன்.

"கூடுவாஞ்சேரியிலேர்ந்து பஸ்ல தூங்கிக்கினே வர்றவன் சார் நானு. மிஸ் மனசுல இன்னா கீதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றான் பிரவின்குமார், அழாத குறையாக.

ஹெலன் அவனை எதிரே கைகட்டி உட்காரவைத்தாள். ஒரு லிஃப்டை இயக்க புரோகிராம் எழுதச் சொல்லி, அந்த நிமிடம் தோன்றிய கேள்வியைத் தட்டினாள். வெளியிடாமலே விடைகளின் பக்கத்தைத் திறந்தாள். பிரவின்குமார் பெயரில் விடை தயாராக இருந்தது.

ராகவன் படித்தார். "நானே இவ்வளவு அழகா எழுத மாட்டேன்," என்றவர், கையிலிருந்த டி.சி.யைக் கிழித்துப் போட்டார்.

பிரவின்குமார் கட்டிய கையை எடுக்காமல் எட்டிப் பார்த்தான்.

"செமையா எழுதிக்கீறான் மிஸ்! நானா இருந்தா முதல் வரியிலயே தப்பு பண்ணியிருப்பேன்."

ஹெலன் பக்கத்தை மறுபடி திறந்தாள். விடைக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

'இனிமே தப்பு பண்ண மாட்டான் மிஸ்.'