இசை: இந்திரகுமார்

வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் ஊரிலிருந்து வந்த கடிதத்தை இந்திரகுமார் நான்காவது தடவையாகப் படித்தார். நான்கு தடவையும் அது ஒரே விஷயத்தைத்தான் சொன்னது.

'உங்கள் இசைத்தட்டின் மூன்றாவது பாட்டு, எங்கள் தேவாலயப் பாடற்குழு ஏழு வருடங்களுக்கு முன்பே பாடியது. சாட்சிக்குக் கசெற் அனுப்பியிருக்கிறேன். இசையமைத்தவர் இரண்டு கிழமைக்குள் மூன்று லட்சம் குரோணர் நட்டஈடு தராவிட்டால் பொலிஸுக்குப் போவேன். இப்படிக்கு, அனஸ்ரேசியா.'

கசெற்றையும் போட்டுக் கேட்டாயிற்று. தேவாலய ஓர்கன், ஒரு பெண் குரல், அச்சு அசலாக அதே மெட்டு. உறையில் 1997 என்று நீல மையில் எழுதியிருந்தது.

ஓஸ்லோவின் புருசெத் பகுதியில், அடுக்குமாடியின் நிலவறையில் சாமான் போடும் அறைதான் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். சுவர் முழுக்க அவர் சிரிக்கும் இசைத்தட்டு உறைகள். எல்லாவற்றிலும் 'இசை: இந்திரகுமார்' என்று கொட்டை எழுத்து. கடைசி இசைத்தட்டின் ஒன்பது பாட்டுகளில் மூன்றாவதை நோர்வே வானொலி ஒன்று பிடித்துக்கொண்டது. 2004 பிறந்ததிலிருந்து ஓஸ்லோவில் பஸ்ஸிலும் சலூனிலும் அதே பாட்டுத்தான். படைப்பாளர் சங்கத்திலிருந்து அடுத்த மாதம் உரிமைத்தொகையாக நல்ல பணம் வர இருந்தது.

அந்த ஒன்பது பாட்டுகளையும் உண்மையில் செய்தவள் நிலூஜா. இது இந்திரகுமாருக்கும் அவர் மனைவி புஷ்பமலருக்கும் மட்டுமே தெரியும். நிலூஜா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். மிச்ச நேரத்தில் கணினியில் மெட்டுப் போட்டு, தாளம் சேர்த்து, பாட்டுக்கு ஐந்நூறு குரோணர் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவாள். பாட்டு வானொலிக்கு வந்ததும் தன் பெயரையும் போட்டு, பாதிப் பங்கும் தரச் சொல்லிக் கேட்டாள்.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையிலை என்ன பங்கு?" என்று இல்லாத உறவைச் சொல்லி உருகிய இந்திரகுமார், ஒரு பை முறுக்கைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

இன்று அவரே அவளை அவசரமாக வரவழைத்திருந்தார். சப்பாத்தில் ஒட்டிய பனியோடு வந்தவளிடம் கடிதத்தை நீட்டினார். படிக்கப் படிக்க நிலூஜாவின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உண்மையைச் சொல்லு. இதை எங்கையிருந்து களவெடுத்தனீ?"

அவள் தலை குனிந்தாள். "சின்னனிலை நாங்கள் பாட்ஸ்பியோர்ட்டிலை இருந்தனாங்கள் அண்ணை. அங்கை கோயிலிலை கேட்டது மனசிலை கிடந்திருக்கோ என்னவோ..."

சொந்தமாக மெட்டுப் போட்டவருக்கு அது சுட்டதா இல்லையா என்று தெரிந்திருக்கும். பாவம் இந்திரகுமார், அவருக்கு எப்படித் தெரியும்? கசெற் சொன்னதை நம்பினார்.

"அடுத்த மாதம் மகளின்ரை சாமத்திய வீடு. ஓஸ்லோச் சனம் முழுக்க வரும். என்னைப் பாட்டுக் கள்ளன் எண்டு கதைக்கவோ?" என்றபடி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

படைப்பாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம், அனஸ்ரேசியாவுக்கு அதன் பிரதி. எழுதத் தொடங்கியதும் நிலூஜா பதறினாள்.

"அண்ணை, மூண்டாம் பாட்டுக்கு மட்டும் என்ரை பேரை எழுதுங்கோ. மற்ற எட்டும் உங்கடையாவே இருக்கட்டும். கும்பிட்டுக் கேக்கிறன்."

"அந்த எட்டையும் எந்தக் கோயிலிலை கேட்டனீயோ! ஒன்பதும் உன்ரை தலையிலைதான்."

ஒன்பது பாட்டுகளுக்கும் நிலூஜா ஒருத்தியே இசையமைத்தாள், தனக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது, வருமானமும் வழக்கும் அவளையே சேரும் என்று எழுதி முடித்தார். யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்திருந்த ஐந்நூறு குரோணர்ப் பற்றுச்சீட்டுகள் ஒன்பதையும் தானே தேடியெடுத்து, ஆதாரமாக இணைத்தார். சாட்சிக்குப் புஷ்பமலர் மேலேயிருந்து இறங்கி வந்தார்.

"இந்தப் பிள்ளையின்ரை பேரைப் போடுங்கோ எண்டு அப்பவே சொன்னனான். கேட்டனீங்களே?" என்று கணவரை முறைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

நிலூஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதம் என்று கையெழுத்து வைத்தாள். இந்திரகுமார் உடனேயே இரண்டு உறைகளையும் ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துதான் மூச்சு விட்டார். அடுத்த மாதத் தொகை போனால் போகிறது, மூன்று லட்சம் தப்பியதே. இந்தத் தடவை அவர் முறுக்கும் கொடுக்கவில்லை.

சுரங்க ரயில் நிலையத்துக்கு வந்ததும் நிலூஜா கைபேசியை எடுத்து, "அனஸ்ரேசியா பெரியம்மா, அவர் ஒன்பதையும் என்ரை பேருக்கே எழுதிப்போட்டார், இனி வழக்கு வேண்டாமெண்டு ஒரு கடிதம் போட்டுவிடுங்கோ; போன கிழமை என்ரை மெட்டைக் கசெற்றிலை பாடித் தந்ததுக்கு உங்கடை பங்கு எவ்வளவு எண்டும் சொல்லுங்கோ, பேரில்லாமல் பாடினவைக்கு நான் முறுக்குக் குடுத்து அனுப்ப மாட்டன்" என்றாள்.