டாப்லெட் பாடுகிறது

"இண்டைக்குக் கடை பூட்டுறதுக்குள்ள இதில ஒண்டு வித்துக் காட்டுங்கோ, புஸ்பராணி அக்கா. பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

சொல்லிவிட்டுத் துஷ்யந்தன் மலிவு டாப்லெட் பெட்டிகளை எடுத்துவர நிலவறைக்கு இறங்கினான்.

ஃபோன் கடை அவனுடையது. வாசலோரக் கண்ணாடி அலுமாரி மட்டும் என்னுடையது. அதற்கு வாடகை கொடுக்கிறேன். பாட்டுக் கேட்கிற சின்னப் பெட்டிகளை வைத்து விற்கிறேன். தீப்பெட்டி அளவில் இருக்கும். காதில் மாட்ட ஒரு வயர், அமத்த நாலு பொத்தான்.

அந்த அலுமாரியைத்தான் காலி செய்யச் சொல்கிறான். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஊரில் இருக்கிறவர்களோடு முகம் பார்த்துக் கதைக்கலாம். இவ்வளவும் செய்கிற டாப்லெட் இந்த விலைக்கு வந்த பிறகு வெறும் பாட்டுப் பெட்டியை எந்த விசர் வாங்கும் என்பது அவன் கேள்வி.

கேள்வியில் பிழையில்லை. கேட்கிற விதம்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

உணவகங்களில் கோப்பை கழுவுகிற பொடியன்கள் வாங்குவார்கள். முதலாளி குசினிக்குள் ஃபோன் விடமாட்டார், இது சட்டைப் பைக்குள் கிடக்கும். இந்த மாதம் அவர்களும் வரவில்லை. அதைத் துஷ்யந்தனுக்கு நான் ஏன் சொல்லவேண்டும்?

அவன் தலை படியில் மறைந்ததும் ஒரு பெண் உள்ளே வந்தாள்.

எதிர்க் கடை வாசலில் வெண்டிக்காயை எடுப்பதும் வைப்பதுமாக வெகுநேரம் நின்றவள். ஒன்றும் வாங்காமல் நேரே என் அலுமாரியடிக்கு வந்தாள்.

"இது நெட்டில கொழுவாதுதானே, அக்கா?"

"கொழுவாது. அமத்தினால் பாடும், நிப்பாட்டினால் நிக்கும். வேற ஒண்டும் தெரியாது அதுக்கு."

"நான் என்ன கேக்கிறன் எண்டு ஆரும் பாக்கேலாதே?"

"உங்கட காதுக்குள்ள ஆர் பிள்ளை எட்டிப் பாக்கிறது?"

அப்போதுதான் சிரித்தாள். வீட்டில் டாப்லெட் இருக்கிறதாம். பிறந்தநாளுக்குப் புருசன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததாம். ஆனால் அதில் எதைத் தட்டினாலும் அவருடைய ஃபோனில் தெரியுமாம்.

என்ன பாட்டுப் போட்டுத் தர என்று கேட்டேன்.

"பாட்டு வேண்டாம். பிரெஞ்சுப் பாடம் வச்சிருக்கிறியளாம்."

வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. குசினிப் பொடியன்களுக்காகச் சேர்த்தது.

"அடுத்த மாதம் விசா புதுப்பிக்க எனக்குப் பிறிஃபெக்சரில ரந்தேவு, வரச்சொல்லித் திகதி தந்திட்டினம். எந்தக் கந்தோருக்குப் போனாலும் அவர்தான் எனக்காகக் கதைக்கிறவர். இந்த முறை நான் கதைக்கப்போறன்."

அதை அவரிடமே சொல்லிப் படிக்கலாமே என்றேன்.

"சொன்னனான். நான் இருக்கிறன்தானே, உனக்கேன் கரைச்சல் எண்டு சிரிச்சவர்."

அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபம் வந்தது எனக்கு.

பெட்டியைக் கணினியில் கொழுவிப் பாடங்களை ஏற்றத் தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நிலவறைப் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே பெட்டிகள் உரசும் சத்தம் கேட்டது.

"அவசரமோ?"

"டாப்லெட்டை முருகன் பாட்டில பாட விட்டிட்டு வந்தனான், அக்கா. ஃபோனும் வீட்டிலதான். பாட்டுச் சுத்திச் சுத்தி ஓடும். ஆனா பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்தா நிப்பாட்டிப் போடுவினம்."

என்னைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டேன். "வீட்டில கதைபட்டது" என்றாள்.

கோடு முடிந்தது. காசை என் கையில் வைத்தாள். பெட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டு, வயரைத் தலைமயிருக்குள் மறைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். போய்விட்டாள்.

துஷ்யந்தன் மூச்சு வாங்க மேலே வந்தான். டாப்லெட் பெட்டிகளை என் அலுமாரிக் கண்ணாடியின் மேல் அடுக்கினான். அடுக்கும்போதே உள்ளே ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டுவிட்டான்.

"ஒண்டைக் காணேல்லை?"

"வித்திட்டன்."

"எந்த விசர் வாங்கினது?"

"வாங்கினது ஆரெண்டு சொல்லுறது என்ர பழக்கமில்லை, தம்பி."

தோற்றதை அவனால் தாங்க முடியவில்லை. தன் ஃபோனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இஞ்சை பாருங்கோ, அக்கா. என்ர மனுசி கஜந்தினி, திரான்சியில வீட்டில இருக்கிறா. டாப்லெட் வாங்கிக் குடுத்த நாளில இருந்து இதுதான். இப்பவும் முருகன் பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. சனம் இப்பிடித்தான். இதை விட்டிட்டு உந்தத் தீப்பெட்டியை வந்து வாங்குவினமோ?"

திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தோளுக்கு மேலால் எனக்குத் தெரு தெரிந்தது. மெத்ரோப் பாலத்தின் கீழே, சிவப்பு விளக்குக்காக ஒருத்தி காத்து நின்றாள். கை கோட்டுப் பைக்குள் இருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"நல்ல பாட்டு. நிப்பாட்டாமல் கேக்கட்டும்" என்றேன். "இப்ப உந்தப் பெட்டியளை என்ர கண்ணாடியில இருந்து இறக்குங்கோ, தம்பி."